இமை சேர்ந்ததா?

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் டிரெஸ்ஸர் தம்பிகளுக்கு என்னைப் பார்த்தால் ஒரு சிரிப்பு. ஓய்வு பெற்ற பிறகும் நான் அடிக்கடி ஆஸ்பத்திரிப் பக்கம் போய் வருகிறேன். கண்ணுக்குக் கட்டுப் போட்டவர்கள் யாராவது இருந்தால், "இமையைச் சேருங்க பாப்போம்" என்பேன். "கண்ணை மூடுங்க" என்று சொல்ல மாட்டேன். இதைக் கவனித்த ஒரு தம்பி போன வாரம் கேட்டே விட்டார்.

"ஏன் பெரியவரே, கண்ண மூடுங்கன்னு சொன்னா வாய் வெந்துருமா?"

மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு நின்றுகொண்டே பதில் சொல்ல முடியாது. உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு. அதனால் எழுதுகிறேன்.

என் தகப்பனார் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் செடி நறுக்குகிற கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். அவருக்கு முந்தியவர்களும் கூலிக்காரர்கள்தான். பதுளையில் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தபோது, எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் ஆனேன். அந்தப் படிப்பை வைத்து, நமுனுகுல மலைக்குப் போகிற வழியில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் வேலை பழக எடுத்தார்கள். முதலில் புண் கழுவினேன். பிறகு கத்தி கத்தரிகளை வெந்நீரில் அவித்தேன். பிறகு குளோரோபாம் சொட்டு விடக் கற்றுக்கொண்டேன். பழகிய கதை அவ்வளவுதான். ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றது. பதுளைக்கு எல்லாம் மாட்டுவண்டிதான்.

எங்கள் பெரிய டாக்டர் யாழ்ப்பாணத்தவர். மெலிந்த உடம்பு, மூக்குக் கண்ணாடி. அறுவைக்கு முன்னால் நகக்கண்களைப் பிரஷால் தேய்க்கத் தொடங்கினால் விரல் நுனி சிவக்கும்வரை விடமாட்டார். தண்ணீர் ஊற்றும் எனக்குக் கை வலிக்கும். கத்தரி கேட்டால் "தாருங்கோ" என்பார். நோயாளியைத் தூக்குகிற ஆளுக்கும் "பிடியுங்கோ"தான். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நாங்கள் பயந்தது அந்தக் கைக்குட்டைக்குத்தான்.

நல்ல மனிதர், ஆனால் அவர் தமிழும் தோட்டத்துத் தமிழும் ஒன்றையொன்று உரசும். நோயாளியிடம் அவர் பேசினால் பக்கத்தில் நான் நின்றாக வேண்டும். ஏன் என்பதற்கு வீராயி வந்த முதல் நாளே போதும்.

வீராயி நமுனுகுலத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவள். நாற்பது தாண்டியிருக்கும். சிறு வயதில் அம்மை போட்டு வலது கண் போய்விட்டது. இடது கண் ஒன்றை வைத்துக்கொண்டுதான் அத்தனை வருஷம் மலை ஏறி இறங்கியிருக்கிறாள். இப்போது அந்தக் கண்ணின் கீழ் இமை உள்பக்கமாக மடங்கி, மயிர்கள் கருவிழியைக் குத்திக்கொண்டிருந்தன. தோட்டத்து லயத்து வீடுகளில் யாராவது முள்வாங்கியால் பிடுங்கி விடுவார்களாம். பிடுங்கிய இடத்தில் வளர்ந்து வரும் மயிர் குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். குத்து முன்னைவிட மோசமாகும்.

டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "எப்ப துவங்கினது எண்டு கதையுங்கோ அம்மா" என்றார்.

வீராயி என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"எனக்குக் கதையெல்லாம் தெரியாதுங்க சாமி. எங்க அண்ணன் பொண்டாட்டி பேச்சிதான் நல்லாச் சொல்லும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "கதை எண்டால் பேசுறது" என்று அவளுக்கு விளக்கம் சொன்னார். அவள் வெளியே வந்து என்னிடம் கேட்டது வேறு: "ஏந்தம்பி, என்னையப் போயி அம்மாங்கிறாரு?"

அறுவை செய்தார். அந்த நாளில் இமை மடங்கினால் செய்கிற முறை இதுதான். கண்ணுக்குள் கொக்கேயின் சொட்டு விட்டு மரத்துப்போக வைப்பது. விழியில் கத்தரி படாமல் இருக்க இமைக்கு அடியில் கொம்பால் செய்த சிறு தகட்டை நுழைப்பது. இமை விளிம்புக்குச் சற்றுக் கீழே தோலை இடுக்கியால் மடிப்பாகப் பிடித்து உயர்த்தினால், உள்ளே திரும்பிய மயிர்கள் வெளியே திரும்பும். எவ்வளவு தோலைப் பிடித்தால் மயிர் சரியாகத் திரும்புகிறதோ, அவ்வளவை நறுக்கி எடுத்துவிட்டுப் பட்டு நூலால் தைப்பது. பார்க்கச் சுலபமாகத் தெரியும். ஆனால் படுத்திருக்கும் ஆளின் தோல் ஒரு மாதிரி இருக்கும், எழுந்து உட்கார்ந்தால் வேறு மாதிரி தொங்கும். அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பண்ண வேண்டும்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. குத்தல் நின்றது. "கண்ணுல இருந்த முள்ளு போச்சுங்க" என்று வீராயி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். பிறகு ஒரு தையலடியில் சீழ் கண்டது. அதைக் கழுவி ஆற்றினோம். ஆறும்போது தழும்பு சுருங்கியது. சுருங்கிய தழும்பு இமையைக் கன்னத்தை நோக்கி இழுத்தது. உள்ளே மடங்கியிருந்த இமை இப்போது வெளியே பிதுங்கி, உட்சதை சிவப்பாகத் தெரிய நின்றது. அவள் தூங்கும்போது மேல் இமை இறங்கி வரும்; கீழ் இமை எட்டாது. நடுவில் வெள்ளை தெரியும்.

தூக்கத்தில் மூடாத கண் காய்ந்து போகும். காய்ந்தால் கருவிழி மங்கி வெளுக்கும். வெளுத்துவிட்டால் வீராயிக்கு மாற்றுக் கண் கிடையாது. படுக்கும்போதெல்லாம் விளக்கெண்ணெய்ச் சொட்டு விட்டுக் கட்டுப் போட்டோம். தழும்பை மேல்நோக்கி நீவிவிட்டோம். டாக்டர் தினம் மத்தியானம் அவள் அயரும் நேரத்தில் வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சத்தமில்லாமல் கிட்டே போய்ப் பார்ப்பார். திரும்பி வந்து கண்ணாடியைத் துடைப்பார். எங்கள் மேல் கோபம் இல்லை. யார் மேல் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சேகு நானா வந்தார். பதுளைக் கடையிலிருந்து தோட்டங்களுக்கு அரிசி ஏற்றிப் போகிற முஸ்லிம் வண்டிக்காரர்; அவர்கள் வழக்கில் அண்ணன்தான் நானா. வீராயியின் புருஷன் சடையன் அவரிடம், 'எப்ப வந்து கூட்டிக்கிட்டுப் போகலாம்னு கேட்டு வாங்க' என்று சொல்லியிருக்கிறான். நான் மருந்தறைக்குள் கலவை கலக்கிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் நின்ற டாக்டரிடமே நானா கேட்டுவிட்டார். டாக்டரும் நேராகவே பதில் சொல்லிவிட்டார்.

"இன்னும் கண் மூடேல்லை. அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம். கண் மூடினாப் பிறகு கூட்டிக்கொண்டு போகலாம்."

நானா தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றாராம். "ரொம்பக் கஷ்டப்படுதாங்க?" என்று கேட்டாராம். "ஓம். பாவம்" என்றாராம் டாக்டர்.

இவ்வளவும் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

அடுத்த நாள் காலை நல்ல மழை. வீராயி வராந்தாவில் சாக்குப் போட்டு உட்கார்ந்து, ஆஸ்பத்திரிச் சமையலுக்கு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சும்மா இருக்கத் தெரியாதவள். கல் தெரிய வேண்டுமே என்று கட்டைக் கொஞ்சம் தூக்கி விட்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாசல் பக்கம் ஒப்பாரிச் சத்தம் கேட்டது.

"அய்யய்யோ, யாரு தம்பி போயிட்டா?" என்று முறத்தைக் கீழே வைத்தாள்.

"நம்ம வார்டுல யாரும் இல்லையே" என்றேன்.

அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். ஒப்பாரி காதில் விழுந்தால் நம் பெண்கள் யார் எவர் என்று விசாரித்துக்கொண்டு நிற்பதில்லையே. தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு, மழையில் இறங்கி, கட்டு மறுபடி கண்ணில் சரிய, தட்டுத் தடுமாறிப் போய், முன்னால் வந்த பொம்பிளையைக் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்தாள். அந்தப் பொம்பிளையும் இவள் தோளில் சாய்ந்து ஓங்கி அழுதாள்.

"என் நாத்தனா போயிட்டாளே! ஒத்தக் கண்ணால ஒலகத்தப் பாத்தவளே!"

"அழுவாத ஆத்தா, அழுவாத. எந்த நாத்தனா?"

"வீராயி தான் ஆத்தா, என் வீராயி…"

அழுகை அப்படியே நின்றது. பேச்சி தலையைத் தூக்கினாள். கட்டுப் போட்ட முகத்தைப் பார்த்தாள். ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், மருந்தறையில் சீசா அதிர்ந்தது.

"அடியேய்! நீதான்டி!"

பின்னால் சடையன், வீராயியின் அண்ணன் கருப்பையா, சாவுக்குத் தப்பு அடிக்கிற ஆள் ஒருவர். எல்லாரும் நனைந்து நின்றார்கள். கருப்பையா கையில் சாக்குக்குள் சுற்றிய பொட்டலம் இருந்தது. செத்தவளுக்குப் போர்த்தப் பிறந்த வீட்டார் எடுக்கும் கோடிச் சேலை. சடையன் வராந்தாப் படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"கண்ண மூடலன்னு சொன்னாங்க. மூடுனதும் எடுத்துக்கிட்டுப் போங்கன்னு சொன்னாங்க. சேகு நானாவே அழுதுக்கிட்டுதான் சொன்னாரு" என்றான் கருப்பையா.

வீராயி சிரிக்க ஆரம்பித்தாள். தையல் போட்ட இடம் வலிக்கும், சிரிக்காதே என்று நான் கையைக் காட்டக் காட்டச் சிரித்தாள்.

"அண்ணே, அந்தச் சேலையக் குடு."

"வேணாம் தாயி. அது கோடி."

"கோடின்னா புதுசு தான? உசுரோட இருக்கிறப்ப ஒரு சேல எடுத்துக் குடுத்திருக்கியா நீயி? கொண்டா இங்க."

தப்புக்காரர் தலையைச் சொறிந்தார். "அப்ப நான் என்னா பண்றதுங்க?"

"அடுப்படியில போயி அதச் சூடு காட்டி வையி. நனஞ்சு போயிருக்கு" என்றாள்.

எல்லாரும் சிரித்தோம். சடையன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அவள் முகத்துக் கட்டைத் தொட்டான். "அவுருங்க தம்பி, பாக்கணும்" என்றான். அவிழ்த்தேன். பிதுங்கிச் சிவந்த இமையைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"இதென்ன இது? வர்றப்ப இப்பிடி இல்லயே. கெளம்பு புள்ள. சாவல, சரி. இருக்கிற கண்ணையும் புடுங்கிருவாங்க."

டாக்டர் அப்போதுதான் உள்ளேயிருந்து வந்தார். நடந்ததை நான் ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர்மார் நோயாளிக்கு முன்னால் பெஞ்சில் உட்காருகிற வழக்கம் இல்லை. அவர் உட்கார்ந்தார். சடையனையும் உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை.

"நான் சொல்லுறதை நீர் அவைக்கு விளங்கிற மாதிரிச் சொல்லும்" என்றார் என்னிடம். ஆனால் அவர் பேசியபோது நான் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"முதல் வெட்டில தோலைக் கொஞ்சம் கூட எடுத்துப் போட்டன். பிறகு புண் சீழ் பிடிச்சு இன்னும் சுருங்கிப் போச்சு. அதாலதான் இமை இழுபட்டு நிக்குது. பிழை என்ர பக்கம்தான். இப்பிடியே விட்டால் கண் காயும். கருவிழியில கீழ்ப்பக்கம் மங்கத் துவங்கிட்டுது. திரும்ப வெட்டித் தழும்பை எடுத்துவிட்டு, கையிலயிருந்து தோல் எடுத்து வைக்கவேணும். சரிவரும் எண்டு சத்தியம் பண்ண ஏலாது. செய்யாட்டில் கண் போறது நிச்சயம்."

கூரையில் மழைச் சத்தம்.

"கெடுத்தேன்னு நீங்களே சொல்றீங்க" என்றான் சடையன். "கெடுத்த ஆளுகிட்டயே திரும்பக் குடுக்கவா?"

"கேக்க வேண்டிய கேள்விதான். பதுளைக்கோ கொழும்புக்கோ கொண்டு போறதெண்டாலும் நான் எழுதித் தாறன். ஆனால் சுணங்கக்கூடாது."

வீராயி அதுவரை கோடிச் சேலையின் கரையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"கொழும்புல போயி யாரத் தேடுறது? இங்க பாருய்யா, நாம தோட்டத்துல எத்தன தொரமாரப் பாத்திருக்கோம். அவங்க தப்ப யாராவது தன் தலையில போட்டிருக்காங்களா? எல்லாம் நம்ம தலையிலதான் விழும். இவரு தன் தலையில போட்டுக்கிட்டாரு. இவருகிட்ட என் கண்ணக் குடுக்கிறேன். நீ இருந்து பாத்துக்க."

பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"கையில பச்ச குத்தியிருக்குங்க. அத மட்டும் வெட்டிறாதீங்க சாமி. செத்தாலும் கூட வர்றது அது ஒண்ணுதான்."

"பச்சையில கை வைக்கமாட்டன்" என்றார் டாக்டர்.

அந்த இரண்டாவது அறுவையை நான் ஓர் அசைவு விடாமல் நினைவில் வைத்திருக்கிறேன். இந்த முறை குளோரோபாம். முகத்தில் துணிக்கூடு வைத்து நான் சொட்டு விட்டேன். ஒரு கண் அவள் மூச்சில், ஒரு கண் டாக்டரின் கையில். தழும்பை ஒட்டிக் கீறி, அடியில் பிடித்திருந்த நார்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். கடைசி நார் அறுந்ததும் இமை தானாக மேலே எழும்பியது. அதைப் பார்த்து எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அது எழும்பிய இடத்தில் ஒரு கொழுந்து இலை அளவுக்குத் தோல் இல்லாத பச்சைப் புண். மறுபடி சுருங்கி இழுக்காதபடி மேல் இமையையும் கீழ் இமையையும் ஓரத்தில் சேர்த்துத் தைத்தார். புண்ணின் அளவுக்கு எண்ணெய்ப் பட்டுத் துண்டில் அச்சு வெட்டி, அதை அவள் மேற்கையின் உள்பக்கம், பச்சை குத்திய இடத்தைத் தொடாமல் தள்ளி வைத்துக் கோடு போட்டார். கோட்டுக்கு வெளியே தாராளமாக விட்டு வெட்டினார். "தோல் சுருங்கும். முந்தி கூட எடுத்தன், இப்ப குறைய வைக்கக்கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எடுத்த தோலைத் தன் விரலில் கவிழ்த்துப் போட்டு, அடியில் ஒட்டியிருந்த கொழுப்பை வளைந்த கத்தரியால் சுரண்டி எடுத்தார். கொழுப்பு இருந்தால் ஒட்டாது. பிறகு அதைப் புண்ணில் பரப்பி, தைத்து, மேலே பஞ்சு வைத்து அழுத்திக் கட்டினோம்.

அதன் பிறகு வீராயிக்கு இருட்டுத்தான். இருந்த ஒரே கண்ணும் கட்டுக்குள். சடையன் தோட்டத்தில் சொல்லிவிட்டு வந்து கூடவே தங்கினான். சோறு ஊட்டினான், கை பிடித்து நடத்தினான். அவன் நாற்றுமேடையில் வேலை செய்பவன். தோல் ஒட்ட வேண்டும், ஆடக்கூடாது என்று நான் சொன்னதை அவன் சட்டென்று பிடித்துக்கொண்டான்.

"நாத்து நட்ட மாதிரி. வேர் புடிக்கிற வரைக்கும் ஆட்டக்கூடாது, அப்பிடித்தானே தம்பி?"

"அப்படித்தான்."

அன்றிலிருந்து அவளை வாய் திறக்க விடவில்லை. "பேசாத புள்ள, வேர் ஆடும்." "சிரிக்காத, வேர் ஆடும்." "இருமாத" என்றும் சொன்னான். "இருமல நான் என்ன கூலிக்கா கூப்பிட்டேன்?" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டே கேட்டாள். பேச்சி பார்க்க வந்தபோது அவளை வாசலிலேயே நிறுத்தி, "நீ வந்தா இவ சிரிப்பா, போ" என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

முதல் முறை கட்டுப் பிரித்தபோது ஒட்டுத்தோல் கறுத்துக் கிடந்தது. டாக்டர் கறுத்ததின் ஓரத்தை இடுக்கியால் மெல்லத் தூக்கினார். மேல் பொருக்கு மட்டும் வந்தது. அடியில் இளஞ்சிவப்பு.

"புடிச்சிருச்சா?" என்றான் சடையன்.

"பிடிச்சிட்டுது. வெளி ஓரத்தில ஒரு துண்டு போச்சு. மிச்சம் பிடிச்சிட்டுது."

கொஞ்ச காலம் கழித்து இமைகளைச் சேர்த்த தையலையும் விடுவித்தார். அன்று மத்தியானம் வீராயி அயர்ந்தாள். டாக்டர் செருப்பைக் கழற்றினார், நானும் கழற்றினேன். சடையன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். மேல் இமை இறங்கியது. கீழ் இமை ஏறியது. வெளி ஓரத்தில் ஒரு நூல் அளவு இடைவெளி. மற்றபடி இரண்டும் சேர்ந்துவிட்டன. நான் சடையனிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை நாக்கு வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டு, "இமை சேந்துருச்சு" என்றேன். தம்பிகளே, உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்.

ஆனால் டாக்டர் அதோடு அவளை அனுப்பவில்லை. கருவிழியின் அடியில் ஒரு மெல்லிய மங்கல் தங்கிவிட்டது. அது பார்வையை மறைக்கவில்லை. ஒட்டிய தோல் முகத்து நிறத்தோடு சேராமல் வெளுப்பாகத் தெரிந்தது. அதையும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மலையில கொழுந்துக்கா மொகத்தக் காட்டப் போறேன்?" என்றாள். டாக்டருக்கு இருந்த யோசனை வேறு. கண்ணீர் போவதற்குக் கீழ் இமையின் உள் மூலையில் ஊசிமுனை அளவு துவாரம் ஒன்று உண்டு. இமை கண்ணோடு ஒட்டி நின்றால்தான் நீர் அந்தத் துவாரத்தில் இறங்கி மூக்குக்குப் போகும். ஒட்டாவிட்டால் கன்னத்தில் வழியும். வழிவதைத் துடைத்துத் துடைத்தே இமை மறுபடி கீழே இழுபட்டுவிடும். துவாரம் வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது.

போகிற நாள் காலையில் வீராயி வாசலில் நின்றாள். வெயில் நன்றாக அடித்தது. அத்தனை நாள் கட்டுக்குள்ளும் நிழலுக்குள்ளும் இருந்தவள், வெளிச்சத்தில் சடையனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னய்யா இப்பிடி எளச்சுப் போயிட்ட?"

"எங்க எளச்சேன்? போ புள்ள."

"கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு. எனக்கு ஊட்டுனியே, நீ தின்னியா இல்லியா?"

கேட்டுவிட்டு அழுதாள். டாக்டர் படியில் இறங்கி ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"துடைக்க வேண்டாம், துடைக்க வேண்டாம்! கையை எடுங்கோ. அழுங்கோ அம்மா. இன்னும் கொஞ்சம் அழுங்கோ."

அவள் பயந்துபோய் இன்னும் அழுதாள். டாக்டர் முட்டி போட்டு உட்கார்ந்து, அவள் முகத்தைக் கீழிருந்து பார்த்தார். இமையின் விளிம்பில் நீர் நிறைந்து பளபளத்தது. வழியவில்லை. அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு தாங்காமல், மரியாதைக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி, முந்தானையில் பலமாகச் சிந்தினாள்.

"மூக்குக்குப் போகுது!" என்றார் டாக்டர் என்னைப் பார்த்து. அவர் பல் தெரியச் சிரித்தது அன்றுதான்.

சடையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப இனிமே இவள அழ வைக்கலாங்களா, சாமி?"

டாக்டர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார்.

"அது உங்கட குடும்ப விசயம். துடைக்கிற நேரம் மட்டும் மேல்நோக்கித் துடைக்கச் சொல்லுங்கோ."